இடைவேளையைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்: ஆஸ்பெர்கர் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் உள்ள பள்ளி வழிகள், ஒரு மதிப்பீடு

ஆஸ்பெர்கர் (அறிவாற்றலிலும் மொழியிலும் குறையில்லாத ஆட்டிச வகை) உள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் அடிபடுவது பள்ளியின் பெயர். அடுத்தது அந்தப் பள்ளி தொடக்கநிலை 6 முடிவில் வரும் தேசியத் தேர்வான பிஎஸ்எல்இயில் எப்படி என்ற விசாரணை. இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டுமே உதவாத அளவுகோல்கள். இவர்களில் பலர் பாடத்தில் தடுக்கி விழுவதில்லை. காலையில் திடலில் வரிசையாக நிற்கும் நேரம், ஒரு வகுப்பறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஐந்து நிமிடம், கேண்டீனில் கழியும் அரை மணி நேரம், "நாலு நாலு பேராச் சேர்ந்து செய்யுங்க" என்று ஆசிரியர் சொல்லும் அந்த ஒரு கணம்: சறுக்கல் அங்கேதான். ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறோம். பாடம் நடக்காத நேரத்தில் இந்தப் பள்ளி பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறது?

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேடு ஆஸ்பெர்கரைத் தனி நோயறிதலாக வைத்திருக்கவில்லை, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்தோடு சேர்த்துவிட்டது. அதனால் இன்று கையில் கிடைக்கும் அறிக்கையில் அந்தச் சொல் இருக்காது. "ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்" என்று இருக்கும், அதன் கீழே "அறிவாற்றல் குறைபாடு இல்லை, மொழிக் குறைபாடு இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தலைப்பைப் பார்த்து மனம் உடைந்துபோகும் பெற்றோர் அந்த வரியைப் படிக்காமலே அறிக்கையை மூடிவிடுகிறார்கள். எந்தப் பள்ளி வழி திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் வரி அதுதான்.

அறிக்கை தரும் சேவைகளை முதலில் பார்ப்போம். பள்ளி வயதுக்கு முன் என்றால் பலதுறை மருந்தகம் அல்லது குழந்தை மருத்துவர் வழியாகக் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிரிவுக்கோ பரிந்துரை பெறலாம். பள்ளி சேர்ந்த பிறகு சந்தேகம் வந்தால் பள்ளியே ரீச் சமூக மனநலக் குழுவிடம் அனுப்பலாம், அல்லது மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டி மருந்தகத்துக்குப் போகலாம். பொதுத்துறையின் பலம், மருத்துவர், உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர், செயல்முறை சிகிச்சையாளர் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பது. கட்டணத்துக்கு மானியமும் உண்டு. உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக இபிக் ஆரம்பத் தலையீட்டு நிலையத்துக்கான பரிந்துரையும் அங்கிருந்தே போய்விடும். பலவீனம் காத்திருப்பு, அது மாதக் கணக்கில் நீளும். தனியார் உளவியலாளரிடம் சீக்கிரம் முடிந்துவிடும், செலவு பல மடங்கு. பிள்ளை கே1இல் (பாலர் பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டில்) இருக்கும்போதே பொதுத்துறையில் பெயரைப் பதிந்துவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. கே2 என்ற கடைசி ஆண்டின் பாதியில் தொடங்கினால் தனியாரைத் தவிர வேறு வழி இருக்காது.

எங்கே செய்தாலும் அறிக்கையில் மூன்று சோதனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று, ஆட்டிசத்தை நேரில் கவனித்து அளக்கும் ஏடிஓஎஸ்-2. இரண்டு, அறிவாற்றல் சோதனை. சிறு பிள்ளைக்கு விப்ஸி, 6 வயது நிரம்பியபின் விஸ்க். மூன்று, அன்றாடத் திறன்களை அளக்கும் வைன்லண்ட் அல்லது ஏபாஸ். அறிவாற்றல் சோதனையில் சராசரி 100, திட்ட விலகல் 15, அதாவது பெரும்பாலோர் 85 முதல் 115க்குள் வருவார்கள். இந்தப் பிள்ளைகளிடம் மொத்த எண் பெரும்பாலும் ஏமாற்றும். எடுத்துக்காட்டாக, சொல்வழிப் புரிதல் 125, செயல்வேகம் 82 என்று வந்தால் சராசரியாக வரும் ஒற்றை எண் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பேச்சைக் கேட்கும் ஆசிரியர் "கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி" என்பார். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிப்பது சோம்பல் அல்ல, அந்த 82தான். அன்றாடத் திறன் எண்ணும் அறிவாற்றல் எண்ணைவிடக் கீழே இருப்பது வழக்கம். "எல்லாம் தெரியுது, ஆனா சட்டைப் பொத்தானைப் போட மாட்டேங்கிறான்" என்று பாட்டி சொல்வதை அந்த எண் வேறு மொழியில் சொல்கிறது.

இப்போது வழிகள். முதலாவது, வீட்டுக்கு அருகிலுள்ள வழக்கமான தொடக்கப்பள்ளி. அறிவாற்றல் குறைபாடு இல்லாத பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேதான் படிக்கிறார்கள்.

இதன் நல்ல பக்கம்: ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் சிறப்புத் தேவைகளுக்கென அதிகாரி ஒருவராவது இருக்கிறார். முன்பு துணைக் கல்வியாளர் என்று அழைத்தார்கள், இப்போது பெற்றோர் பலரும் சுருக்கமாக 'சீனோ' என்கிறார்கள். சிறப்புத் தேவைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் சிலர் இருப்பார்கள். தொடக்கநிலை 1இல் சமூகப் பழக்கமும் நடத்தையும் சார்ந்த சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு டிரான்ஸிட் என்ற ஆதரவுத் திட்டம் இருக்கிறது. முதலில் சிறு குழுவாகத் தனியே எடுத்து வகுப்பு ஒழுங்கைப் பழக்கி, பிறகு வகுப்பறைக்குள்ளேயே ஆதரவு தருவார்கள். 2026க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுசெல்வதாகக் கல்வி அமைச்சு அறிவித்திருந்தது. முதல் ஆண்டுக்கு இது உண்மையிலேயே நல்ல திட்டம்.

குறை எங்கே? சீனோ உங்கள் பிள்ளைக்கு மட்டும் உரியவர் அல்லர். பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் ஆளாக அவரைக் கற்பனை செய்துகொண்டு போகும் பெற்றோர் பிப்ரவரியிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள். அவர் வகுப்பாசிரியருக்கு வழி சொல்வார், வாரத்தில் சில நேரம் குழுவாகப் பயிற்சி தருவார், பிள்ளை கொந்தளிக்கும்போது அமைதியாக இருக்க ஓர் இடம் தருவார். அவ்வளவே.

இன்னொரு பெரிய குறை காலம் சார்ந்தது. தொடக்கநிலை 1, 2இல் வகுப்புக்கு சுமார் 30 பிள்ளைகள், மதிப்பெண் சேரும் தேர்வும் கிடையாது. தொடக்கநிலை 3இல் எண்ணிக்கை 40 வரை போகும். புதிதாக அறிவியல் வரும், தேர்வு வரும், வகுப்பு கலைத்து மாற்றப்படும், பழகிய ஆசிரியர் போய்விடுவார். "ரெண்டு வருஷமா நல்லாத்தானே இருந்தான், திடீர்னு என்ன ஆச்சு?" என்ற கேள்வி பெரும்பாலும் தொடக்கநிலை 3இன் முதல் பருவத்தில்தான் எழுகிறது. பிள்ளை மாறவில்லை, சுற்றியுள்ள பல விஷயங்கள் ஒரே வாரத்தில் மாறிவிட்டன. தொடக்கநிலை 2 முடியும் நவம்பரிலேயே அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் யார், கூட இருக்கப்போகும் பழகிய பிள்ளைகள் இருவராவது யார் என்று பேசி வைப்பதற்கு இதுவே காரணம்.

பதிவு முறை பற்றி ஒரு பயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தொடக்கநிலை 1 பதிவு கட்டங்களையும் குடியுரிமையையும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தையும் வைத்து நடக்கிறது. நோயறிதலைக் காட்டி இடத்தைப் பறிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே அறிக்கையை ஒளித்துவைப்பதில் எந்த லாபமும் இல்லை. நம் வீடுகளில் 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்ற அச்சம் ஆழமாக இருக்கிறது, அது புரியக்கூடியதே. ஆனால் அறிக்கை இல்லாத பிள்ளைக்கும் முத்திரை குத்தத்தான் செய்கிறார்கள். பிடிவாதக்காரன், மரியாதை தெரியாதவன், செல்லம் கொடுத்துக் கெட்டவன். இதில் எது மேல் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும். தூரத்தைக் கணக்கிட்டு வீடு மாற நினைப்பவர்கள் கவனிக்க: ஒரு கிலோமீட்டர் முன்னுரிமையில் சேர்ந்தால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே வசிக்க வேண்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது மண்டபத்திலுள்ள கோப்பைகளைப் பார்க்காதீர்கள். இடைவேளை நேரத்தில் கேண்டீன் ஓரத்தில் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். உயரமான கூரை, ஓடு பதித்த தரை, நூற்றுக்கணக்கான குரல்கள், தட்டுகள் மோதும் ஓசை, நடுவே ஒலிபெருக்கி அறிவிப்பு. வரிசையில் நிற்கவே பத்து நிமிடம் போகிறது. முன்னால் நிற்பவன் நகர்ந்ததும் பின்னால் நிற்பவன் முதுகில் இடிக்கிறான். கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்கும்போது பிள்ளைக்குப் பதில் தெரியும், வாய் வராது. இந்தக் காட்சியில் உங்கள் பிள்ளையை வைத்துப் பாருங்கள். பிறகு பள்ளியிடம் கேளுங்கள்: வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்து வரிசையைத் தவிர்க்கலாமா? சுவரோர மேசையின் கடைசி இருக்கையை அவனுக்கென ஒதுக்க முடியுமா? பாதி நேரத்துக்குப் பிறகு நூலகம் திறந்திருக்குமா, அங்கே பெரியவர் ஒருவர் இருப்பாரா? "அதெல்லாம் பழகிவிடும்" என்று சிரிக்கும் பள்ளியைவிட, "நூலகம் திங்கள், புதன்தான் திறந்திருக்கும், மற்ற நாளுக்கு யோசிப்போம்" என்று சொல்லும் பள்ளி எவ்வளவோ மேல். இரண்டாவது பள்ளியில் யாரோ இதைப் பற்றி ஏற்கெனவே சிந்தித்திருக்கிறார்கள்.

மாற்று ஆசிரியர் வரும் நாளில் பிள்ளைக்கு முன்கூட்டியே யார் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். இதற்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தால் அந்தப் பள்ளிக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

தமிழ் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தவறிழைப்பது இங்கேதான். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குத் தாய்மொழி விலக்கு கேட்க முடியும். பள்ளி வழியாக, அறிக்கைகளோடு விண்ணப்பிக்க வேண்டும். சுமை குறையட்டும் என்று பலர் முதலிலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். பொறுங்கள். தமிழ் மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள பல பள்ளிகளில் அன்றைய நாளிலேயே மிகச் சிறிய, மிக அமைதியான வகுப்பு தமிழ் வகுப்புதான். ஆசிரியர் பிள்ளையின் பெயரையும் குணத்தையும் அறிந்திருப்பார், சில பள்ளிகளில் ஆண்டாண்டாக அதே ஆசிரியர் தொடர்வார். அதை வெட்டிவிட்டால் பிள்ளைக்கு மூச்சு விடக் கிடைத்த நேரமும் போய்விடும். தாத்தா பாட்டியோடு அவன் பேசும் ஒரே மொழியும் மெல்லத் தேயும்.

சிரமமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தமிழ் வகுப்புக்கு அறை மாற வேண்டும், வேறு வகுப்புப் பிள்ளைகளோடு சேர வேண்டும். விதிகளைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு நம் மொழியின் இரட்டை வழக்கு பெரும் குழப்பம். புத்தகத்தில் 'இருக்கிறது', ஆசிரியர் வாயில் 'இருக்கு', இதில் எது சரி என்று கேட்டு அடம்பிடிக்கும். "இரண்டும் சரி, ஒன்று எழுத, ஒன்று பேச" என்று இரண்டு நிறத்தில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனெனில் அதுவும் ஒரு விதிதான். தொடக்கநிலை 5இல் எளிய நிலையான அடிப்படைத் தமிழுக்கு மாறும் வழியும் இருக்கிறது. விலக்கு பெற்றாலும், அடிப்படை நிலையில் எழுதினாலும் பிஎஸ்எல்இ கணக்கில் தாய்மொழிக்கு ஏஎல்6 முதல் ஏஎல்8 வரையிலான தரநிலைதான் (ஏஎல்1 மிகச் சிறந்தது, ஏஎல்8 கடைசி) சேரும் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் கணிப்பில், முழு விலக்கு கடைசி வழி.

தேர்வைப் பொறுத்தவரை கூடுதல் நேரம், தனியறை போன்ற சலுகைகளுக்கு இடமுண்டு. கேட்டவுடன் கிடைத்துவிடாது. பள்ளித் தேர்வுகளில் அவற்றை முன்பே பயன்படுத்திப் பயன் கண்ட பதிவு வேண்டும், சமீபத்திய அறிக்கையும் வேண்டும். தொடக்கநிலை 6 தொடங்கியபின் யோசிப்பது காலம் கடந்த செயல். ஆங்கிலத் தாளில் இந்தப் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடமும் குறிப்பானது: "அவள் வருத்தமாக இருந்தாள் என்பது உனக்கு எப்படித் தெரியும்?" வகைக் கருத்தறிதல் வினாக்கள். இலக்கணத்துக்கு டியூஷன் வைப்பதைவிட, பத்தியிலுள்ள எந்தச் சொல் எந்த உணர்வுக்குச் சான்று என்று கோடிட்டுப் பழக்குவது பல மடங்கு பயன் தரும்.

இரண்டாவது வழி பாத்லைட் பள்ளி. ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டர் நடத்தும் இந்தப் பள்ளி 2004இல் தொடங்கியது. சிங்கப்பூரில் ஆட்டிசத்துக்கென அமைந்த முதல் பள்ளி. அங் மோ கியோவில் இருக்கிறது, தெம்பனிசிலும் இரண்டாவது வளாகம் உண்டு. 7 முதல் 18 வயது வரை. சிறப்புக் கல்விப் பள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் 'பாடமே இருக்காது' என்று நினைப்பவர்களுக்கு: இங்கே கற்பிப்பது வழக்கமான பள்ளிகளின் பாடத்திட்டம், பிள்ளைகள் தேசியத் தேர்வுகளையும் எழுதுகிறார்கள். தொழிற்பயிற்சிப் பிரிவும் தனியாக உண்டு.

நம் ஒற்றைக் கேள்வியால் அளந்தால் இதுவே முதலிடம். வகுப்பு சிறியது, நாள்முழுதும் என்ன நடக்கும் என்பது படமாகக் கண்முன் இருக்கும். இடைவேளையும் கற்பிக்கப்படும் நேரமாகவே நடத்தப்படுகிறது. வரிசையில் நிற்பதும், பணம் கொடுப்பதும், "இங்கே உட்காரலாமா?" என்று கேட்பதும் பாடங்கள். கூட்டாளிப் பள்ளிகளின் வளாகத்தில் நடக்கும் துணை வகுப்புகள் வழியாக வழக்கமான பள்ளிப் பிள்ளைகளோடு பழகவும் வாய்ப்பு ஏற்படுகிறது.

குறைகளும் உண்டு. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். தீவின் மறுகோடியில் இருக்கும் குடும்பத்துக்குப் பள்ளிப் பேருந்துப் பயணமே காலையின் முதல் சோதனையாகிவிடும். ஓசை தாங்காத பிள்ளைக்கு நீண்ட பேருந்துப் பயணம் அரை நாள் சக்தியைத் தின்றுவிடும். கூட்டத்தில் ஓரளவு சமாளிக்கும், நண்பனுக்காக ஏங்கும் பிள்ளைக்கு இது கொஞ்சம் குறுகலான உலகமாகவும் படலாம். தமிழ் கற்பிப்பது பற்றி விண்ணப்பிக்கும்போதே நேரடியாகக் கேட்டுவிடுங்கள், நேர்முகத்தில் பெற்றோர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் கே2 ஆண்டின் தொடக்கத்திலேயே போக வேண்டும். படிவத்தில் பெற்றோர் நிரப்பும் பகுதி ஒன்று, பிள்ளையை அறிந்த வல்லுநர் நிரப்பும் பகுதி ஒன்று. கூடவே உளவியல் அறிக்கை. தவறு நடப்பது வல்லுநர் பகுதியில். இபிக் ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் கொடுத்தால் "நன்கு ஒத்துழைக்கிறான்" என்ற பொதுவான வரிதான் வரும். ஆறு வாரம் முன்பே கொடுத்து, "எட்டுப் பேர் குழுவில் எத்தனை நிமிடம் உட்காருகிறான், எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது" என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை தொடக்கநிலை 1 வழக்கமான பதிவையும் நழுவவிடக் கூடாது.

2019இல் தொடக்கநிலை 1 சேர்ந்த பிள்ளைகள் முதல், கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கும் பொருந்துகிறது. ஆகவே 'ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கட்டும்' என்பது குடும்பம் தானாக எடுக்கும் முடிவு அல்ல. ஓராண்டு ஒத்திவைக்க அமைச்சின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆண்டில் என்ன பயிற்சி, யார் தருவது, எதை எட்டினால் பள்ளிக்குத் தயார் என்று தாளில் எழுத முடிந்தால் மட்டும் கேளுங்கள். எழுத முடியாவிட்டால் ஓராண்டு கழித்து அதே பிள்ளை, தன்னைவிடச் சிறியவர்களோடு நிற்கும். வீட்டுக் கல்விக்கும் அனுமதி வேண்டும், பிஎஸ்எல்இ எழுத வேண்டும்.

அனைத்துலகப் பள்ளிகள் வேறு கதை. சிங்கப்பூர்க் குடிமகன் அங்கே சேர அமைச்சின் ஒப்புதல் தேவை. வேலை அனுமதியில் வந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு நிலைமை இறுக்கமானது: தொடக்கநிலை 1 பதிவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டம்தான், இடம் உறுதியில்லை. சிறப்புக் கல்விப் பள்ளிகளிலும் குடிமக்களுக்கே முன்னுரிமை. ஆகவே இட மாற்றத்துக்குச் சம்மதம் சொல்லும் முன்பே, நிறுவனம் பள்ளிச் செலவை ஏற்குமா, சிகிச்சைச் செலவை ஏற்குமா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இடம் கிடைத்தபின் செய்யும் வேலைதான் பலன் தரும். நவம்பரில் வரும் அறிமுக நாளில் கூட்டத்தோடு போகாமல், வேறொரு நாள் கூட்டமில்லாத பள்ளியைப் பார்க்க அரை மணி நேரம் கேளுங்கள். வாசல், வகுப்பறை, கழிவறை, கேண்டீன், சீனோவின் அறை ஐந்தையும் படமெடுத்து, டிசம்பர் விடுமுறையில் தினம் ஒருமுறை அந்த வரிசையில் புரட்டுங்கள். கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதை முன்பே கேட்கவையுங்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்து நாள் முழுதும் சிறுநீரை அடக்கும் பிள்ளைகள் உண்டு.

வகுப்பாசிரியருக்கு முப்பது பக்க அறிக்கை வேண்டாம், ஒரு பக்கம் போதும். இப்படி: "சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வான். 'ஒரு நிமிஷம் பொறு' என்றால் அறுபது எண்ணிவிட்டு மறுபடி கேட்பான். கண்ணைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறான். காதைப் பொத்தினால் இரண்டு நிமிடம் வெளியே அனுப்புங்கள், தானே திரும்பி வருவான். முதுகைத் தட்டிப் பாராட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள். எம்ஆர்டி வழித்தடம் பற்றிக் கேட்டால் அழுகை நிற்கும்." தமிழாசிரியருக்கும் இசை, உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அதே பக்கத்தின் பிரதி போக வேண்டும். வகுப்பாசிரியரோடு நின்றுவிடுவதால்தான் பிரச்சினை மற்ற வகுப்புகளில் வெடிக்கிறது.

மாணவர் பராமரிப்பு நிலையத்தை எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பள்ளி ஒன்றரை மணிக்கு முடிந்து, அதே இரைச்சலில் மாலை ஆறேழு வரை இன்னொரு நாள் தொடங்குகிறது. முதல் பருவம் மட்டுமாவது, முடிந்தால் தாத்தா பாட்டி வீட்டில், பேச்சில்லாத ஒரு மணி நேரம் கொடுங்கள். வந்ததும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதிருக்கப் பெரியவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

உயர்நிலைக்குப் போகும்போது அறை மாற்றம் கூடுகிறது. 2024 முதல் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தல் நடப்பில் இருப்பதால், ஜி1, ஜி2, ஜி3 (ஜி3தான் கடினமானது) என்று பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். கணக்கில் மட்டும் உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது வரம், ஆனால் ஒரே நாளில் கூடுதல் அறைகள், கூடுதல் முகங்கள். 4 முதல் 32 வரையிலான (குறைந்த எண்ணே சிறந்தது) பிஎஸ்எல்இ மதிப்பெண்ணில் எட்டக்கூடிய உச்சப் பள்ளியைவிட, நடந்தே போகக்கூடிய தூரத்தில், பிள்ளையின் ஒற்றை ஆர்வத்துக்கு இணைப்பாட நடவடிக்கை உள்ள பள்ளியே பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. ரோபோட்டிக்ஸ் குழுவில் கிடைக்கும் ஒரு நண்பன், கேண்டீனில் தனியாக உட்காரும் நான்கு ஆண்டுகளைக் காப்பாற்றிவிடுவான்.

பள்ளி பொருந்தவில்லை என்பதை எப்படி அறிவது? "ஸ்கூல்ல ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று ஆசிரியர் சொல்வார், வீட்டில் தினமும் கதவு உடையும். இரண்டுமே உண்மை. நாள் முழுதும் அடக்கி வைத்தது வாசற்படியில் கொட்டுகிறது. பெண் பிள்ளைகள் இந்த அடக்கத்தில் இன்னும் தேர்ந்தவர்கள், அதனால் அவர்களைக் கண்டுகொள்வதே தாமதமாகிறது. இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: நாள், வெடித்த நேரம், எவ்வளவு நேரம், அன்று பள்ளியில் என்னென்ன பாடவேளை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் என்றால் அது கால அட்டவணைச் சிக்கல், பள்ளிக்குள்ளேயே சரிசெய்யலாம். எல்லா நாளும், அதோடு காலையில் வயிற்றுவலியும் ஞாயிறு இரவுத் தூக்கமின்மையும் சேர்ந்தால், சீனோவிடமும் பள்ளிக்குரிய கல்வி அமைச்சு உளவியலாளரிடமும் அந்தத் தாளைக் கொடுத்து, சிறப்புக் கல்விப் பள்ளிக்கு மாறுவது பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். ஆண்டின் நடுவில் இடம் கிடைப்பது அரிது. அடுத்த ஜனவரிக்கான பேச்சை மார்ச் மாதமே தொடங்கினால்தான் அறிக்கையைப் புதுப்பிக்கவும், பிள்ளை இரண்டு பள்ளிகளின் இடைவேளையையும் நேரில் பார்க்கவும் நேரம் இருக்கும்.